மூக்கைத் தூக்கும் மஞ்சள் கார்

"காரைத் திருடிட்டுப் போறான் மேடம். திருப்பிக் கொண்டாந்தும் வச்சிருதான். இதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுவாங்க?"

ஆதம் பாய் கேட்ட கேள்விக்குத் துப்பறியும் சண்முகசுந்தரி வாயைத் திறப்பதற்குள் அவளுடைய உதவியாளன் நாசர் முந்திக்கொண்டான்.

"கேஸ் எதுக்கு மாமா? ஆளைப் பிடிச்சு சால்வை போத்தணும்."

"நாசர்!" என்றாள் சுந்தரி.

"சரிக்கா. சால்வை வேண்டாம். துண்டு."

இலஞ்சியில் ஆதம் பாய் வீட்டுக் கார் ஷெட். காலை ஒன்பதரை மணி. குற்றாலத்தில் சீசன் முடிந்து கூட்டம் கலைந்துபோயிருந்த புரட்டாசி மாதம்.

சுந்தரி பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்து, தென்காசிக் கோயில் பக்கம் ஒரு மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள். நாசர் அதற்கு முன் குற்றாலத்தில் சுற்றுலா வேன் ஓட்டியவன். வேன் இன்னும் அவனிடம் இருக்கிறது. ஓடவும் செய்கிறது, மனம் வைத்தால்.

ஆதம் பாய் கார் மீதிருந்த உறையை உருவினார். நாசர் வாயடைத்துப்போனது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

மட்டிப்பழ மஞ்சள். இடுப்பு உயரம். முன்னால் இரண்டு சீட். பின்னால் சீட் என்ற பெயரில் இரண்டு பள்ளம். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்றரை விநாடி. துபாயில் இருபத்தொன்பது வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நின்று, இந்த மாதிரிக் கார்களுக்கு பிரேக் பேடும் ஃபில்டரும் எடுத்து எடுத்துக் கொடுத்தவர் ஆதம் பாய். ஊர் திரும்பும்போது ஒரு முழுக் காரே வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜெர்மனிக் கார் கொச்சியில் இறங்கி, லாரியில் இலஞ்சிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

"தினமும் மீட்டரைக் குறிச்சு வைப்பேன்," என்றார். "நாப்பது நாளா சில நாள் மட்டும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஏறுது. அதுவும் மத்தியானம், நான் சாப்பிட்டுப் படுக்குத நேரம். ரெண்டரையில இருந்து நாலுக்குள்ள."

"பெட்ரோல்?"

"அதுதான் மேடம் பைத்தியம் பிடிக்குது. நான் போட்டதை விடக் கூடத்தான் இருக்கு. வண்டியும் பளபளன்னு துடைச்சிருக்கு."

"உங்களுக்கு நல்ல திருடன் வாய்ச்சிருக்கான் மாமா. எங்க வேனுக்கு ஒருத்தனை அனுப்பி விடுங்க," என்றான் நாசர்.

சுந்தரி அண்ணாந்து பார்த்தாள். "கேமரா இருக்கே?"

"இருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் தென்னை மரத்தைப் பாத்துட்டு நிக்குது. நான் திருப்பி வைப்பேன். மறுபடி மரத்தைப் பாக்கும்."

சாவி இரண்டு. ஒன்று ஆதம் பாயின் தலையணைக்கு அடியில். இன்னொன்று வீட்டு டிரைவர் லிங்கேஸ்வரனிடம். தினமும் காரைத் துடைப்பது அவர்தான். அந்த வீட்டில் பதினெட்டு வருட வேலை.

"அப்ப வேற யாரு மேடம்? அவந்தான்," என்றார் ஆதம் பாய்.

சுந்தரி காரின் பின்பக்கம் குனிந்து, சாய்வாகப் பார்த்தாள். மஞ்சள் பூச்சின் மேல், துடைத்தும் போகாமல், மங்கலாக இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

"இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினா என்ன சத்தம் வரும் அண்ணாச்சி?"

"தெருவே எந்திரிச்சிரும்."

"நீங்க எந்திரிக்கலையே. ஷெட்டுல இருந்து தெரு வரைக்கும் நல்ல சரிவு. சத்தமில்லாமத் தள்ளிக் கொண்டுபோய், தெரு முக்குல ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க."

"லிங்கேஸ்வரன் கைதான் அது!"

"இருக்கட்டும். பின்னால நின்னு தள்ளுதவன் முன்னால உக்காந்து ஸ்டியரிங்கையும் பிடிக்க முடியுமா? ஆள் ரெண்டு, அண்ணாச்சி. தள்ளுனவரு ஒருத்தர். ஓட்டுனவரு வேற."

லிங்கேஸ்வரன் வாளியோடு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது. முகத்தில் பொய் தங்காத ஆள்.

"நான் ஓட்டல மொதலாளி."

"பின்ன யாருலே ஓட்டுனா?"

லிங்கேஸ்வரன் வாளியில் இருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"அதை நான் சொல்ல மாட்டேன்."

ஆதம் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் டைம் தாரேன். பேரைச் சொல்லலேன்னா ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

லிங்கேஸ்வரனின் மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அப்பா போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் லிங்கேஸ்வரன் துணியைப் பிழிந்து, காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது ஆதம் பாயின் மனைவி ஜன்னத், தேநீர்த் தட்டோடு வந்தார். வெள்ளை முக்காடு, கை நிறைய மருதாணி. வந்திருப்பவர்கள் இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார் கணவர்.

"நீங்க இதுல போயிருக்கியளாக்கா?" என்று கேட்டாள் சுந்தரி.

"இதுலயா? ஏறி உக்காந்தா எந்திரிக்க கிரேன் வரணும். இந்த மூட்டு வலிக்கு நமக்கு ஆட்டோதான் லாயக்கு," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார் ஜன்னத்.

"ஒரு ரவுண்டு போய்ப் பாப்போமா அண்ணாச்சி? நீங்க ஓட்டுங்க," என்றாள் சுந்தரி.

ஆதம் பாய் தோளைப் பிடித்துக்கொண்டார். "சுளுக்கு மேடம். நீங்களே எடுங்க."

சுந்தரி ஸ்டியரிங்கில். பக்கத்தில் ஆதம் பாய். பின்னால் இருந்த பள்ளத்தில் நாசர், முழங்கால்கள் காதைத் தொட.

"வசதியா இருக்காலே?"

"கோழியை இதை விட மரியாதையாக் கொண்டு போவாங்கக்கா."

பட்டனை அமுக்கியதும் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு மிருகம் தூக்கம் கலைந்து கனைத்தது. சுந்தரிக்குக் கைமுடிகள் சிலிர்த்தன. அதை யாரும் பார்க்காதபடி மெல்ல வண்டியை உருட்டினாள்.

கேட்டைத் தாண்டும்போது அது நடந்தது. 'டிங்' என்று ஒரு மணி. காரின் முன்பக்கம் தானாக நாலு விரல் மேலே எழுந்து, வாசல் மேட்டில் இடிக்காமல் இறங்கியது.

"என்ன பட்டன் அமுக்குனிய மேடம்?"

"நான் ஒண்ணும் அமுக்கல." சுந்தரியின் கண்கள் மின்னின. "அண்ணாச்சி, தரையோட தரையா கிடக்குத வண்டி இது. நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி வயிறு தட்டும்லா? அதுக்காக மூக்கைத் தூக்க ஒரு பட்டன் உண்டு. ஒரு இடத்துல தூக்கினா, 'இதை ஞாபகம் வச்சுக்கிடட்டுமா'ன்னு வண்டி கேக்கும். ஆமான்னு சொல்லிட்டா, அடுத்த தடவை அதே இடத்துல தானாத் தூக்கிரும். நீங்க எங்கயாவது ஆமான்னு சொல்லியிருக்கியளா?"

"அது கேட்டதே எனக்குத் தெரியாதே!"

"அப்ப ஓட்டுனவரு சொல்லியிருக்காரு. போன வழியெல்லாம் வண்டிக்கு மனப்பாடம். இனி நமக்கு சாட்சியே வேண்டாம்."

"மோப்ப நாய் கேள்விப்பட்டிருக்கேன். இது மோப்பக் கார்," என்றான் நாசர்.

தெரு முனையில் ஒரு தூக்கு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு தூக்கு. முச்சந்தியில் செங்கோட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஸ்பீடு பிரேக்கர் தாண்டியும் மணி அடிக்கவில்லை. திரும்பி வந்து குற்றாலம் பக்கம் போனாள். முதல் மேட்டிலேயே 'டிங்'. குற்றாலத்தில் மூக்கைத் தூக்கிய நேரம் பார்த்து ஒரு குரங்கு பானட்டில் குதித்து உட்கார்ந்தது.

"பெயிண்டு! பெயிண்டு!" என்று அலறினார் ஆதம் பாய்.

"பயப்படாதீங்க மாமா. லிஃப்ட் கேக்குது, அவ்வளவுதான்."

பழைய குற்றாலம் பிரிவைத் தாண்டி ஆயிரப்பேரிப் பக்கம் போகும்போது, மேடே இல்லாத இடத்தில் மணி அடித்தது. சுந்தரி சுற்றிலும் பார்த்தாள். இடது கைப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், ஏற்றமான வாசலோடு. உள்ளே திருப்பினாள். மூக்கு கம்பீரமாகத் தூக்கியது.

பம்பில் பெட்ரோல் போடும் பிச்சம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துச் சுருங்கிப்போனாள்.

"அவரு வரலையா?"

"எவரு?" என்று பாய்ந்தார் ஆதம் பாய்.

"இதை ஓட்டிட்டு வாரவரு. ரேஸ் விடுத ஆளு போல. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில உறை. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கண்ணாடி நாலு விரல் இறங்கும். பணம் வெளிய வரும். டயருக்குக் காத்து எவ்வளவுன்னு விரலைக் காட்டுவாரு. அவரு போகும்போது பாக்கணும் சார்! வளைவுல வண்டி ரோட்டைத் தடவிட்டே போவும். நானும் எத்தனையோ வண்டியைப் பாத்திருக்கேன். கார்னா அப்படி ஓட்டணும்."

ஆதம் பாய் கதவோடு ஒட்டிக்கொண்டார். "ரேஸ்காரனா? என் வண்டியிலயா?"

அவர் குரலில் கோபம் பாதி இருந்தது. மீதிப் பாதி என்னவென்று சுந்தரிக்குப் பிடிபடவில்லை.

மத்தளம்பாறையைத் தாண்டி ஒரு கிளைச் சாலை. அதில் ஒரு சின்னப் பாலத்து மேடு. கடைசி 'டிங்' அங்கேதான். அதற்கப்புறம் வீடு இல்லை, கடை இல்லை, கோயில்கூட இல்லை. இரண்டு பக்கமும் வயல். தூரத்தில் நீல மலை. நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு வளைவே இல்லாமல் புதிதாகப் போட்ட கறுப்புத் தார். செங்கோட்டைப் பக்கம் போய் வந்ததைக் கழித்தால், மீட்டர் வீட்டிலிருந்து சரியாகப் பதினாறு காட்டியது.

"போக வர முப்பத்திரண்டு. இந்த நேர் ரோட்டுல ஒரு போக்கு, ஒரு வரத்து ஆறு. முப்பத்தெட்டு," என்றாள் சுந்தரி.

ஆதம் பாய் இறங்கி நாலு திசையும் பார்த்தார். "இங்கன என்ன இருக்கு? எதுக்கு இங்கன வாரான்?"

"ரோடு இருக்கு அண்ணாச்சி."

"ரோட்டுல என்ன இருக்கு?"

"இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்களுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? உங்க ஆள் எதையும் கடத்தல. யாரையும் பாக்க வரல. ஓட்டணும்னு ஓட்டியிருக்காரு." ஒரு கணம் நிறுத்தினாள். "நீங்க இதை எத்தனை தடவை ஓட்டியிருக்கிய?"

ஆதம் பாய் தோளைத் தொடப் போய், கையை இறக்கிக்கொண்டார். "ஷெட்டுல இருந்து கேட் வரைக்கும். ரெண்டு தடவை. துபாய் டெஸ்டுல ஆறு தடவை ஃபெயில் மேடம். ஏழாவதுல பாஸ். லைசென்ஸ் வந்துட்டு, தைரியம் வரல. இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிட்டு, பயமா இருக்குன்னு வீட்டுல எப்படிச் சொல்லுவேன்?"

சுந்தரி அவருக்காக எட்டிக் கதவைத் திறந்து விட்டாள்.

திரும்பும் வழியில் சுந்தரி கேட்டாள். "கடைசியா மீட்டர் ஏறினது என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு?"

"இது என்ன கேள்வி மேடம்? நெய்ச்சோறு. கறிக் குழம்பு."

"அதுக்கு முந்தி?"

"செவ்வாய். அன்னைக்கும்..." ஆதம் பாய் யோசித்தார். "அன்னைக்கும் நெய்ச்சோறுதான். தால்ச்சாவோட."

"மீட்டர் ஏறாத நாள்ல?"

"ரசம். மீன் குழம்பு."

"ரசம் குடிச்சா அரை மணி நேரத்துல முழிச்சிருவிய. நெய்ச்சோறுன்னா?"

"ஏசியைப் போட்டுப் படுத்தா நாலு மணி அசர் தொழுகைக்குத்தான் எந்திரிப்பேன்."

"இன்னைக்கு வீட்டுல என்ன?"

ஆதம் பாய் எச்சிலை விழுங்கினார். "காலையிலயே நெய் வாசம் வந்துச்சு."

பின் பள்ளத்திலிருந்து நாசரின் குரல் வந்தது. "அக்கா, இந்த ரேஸ்காரன் சமையலும் நல்லாப் பண்ணுவான் போலுக்கே."

சுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரை மாற்றினாள். ஆதம் பாய்க்குக் கணக்கு இன்னும் கூடவில்லை. வயிறாரத் தின்ற நெய்ச்சோற்றை அவரால் சந்தேகிக்க முடியவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆட்கள் விடைபெற்றார்கள். ஆதம் பாய் வயிறு முட்டச் சாப்பிட்டார். படுக்கையறை ஏசியைப் போட்டார். சுந்தரி சொல்லிக் கொடுத்தபடி இரண்டு தலையணைக்குப் போர்வை போர்த்தினார். பிறகு கொல்லைக் கதவு வழியாக வந்து, தெருக்கோடியில் நின்ற நாசரின் வேனில் ஏறி, முதல் சீட்டிலேயே கொட்டாவி விட்டார்.

"தூங்கிராதீங்க மாமா. உங்க திருடனை நீங்க பாக்காண்டாமா?"

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு, அந்த நேர் ரோட்டோரம் புளியமரத்தடியில் வேன் மறைந்து நின்றது. வானம் மூட்டமாக இருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பாலத்து மேட்டில் மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது, உயர்ந்தது, மெத்தென்று இறங்கியது.

கார் நின்றது. மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம்.

அடுத்த கணம் அது அங்கே இல்லை. கொக்குகள் மொத்தமாக எழுந்தன. சத்தம் முதலில் உறுமலாக வந்து, ஏறி ஏறி ஒற்றை நாதஸ்வரச் சுரம்போல நீண்டு, வயல்களின் மேல் படர்ந்தது. வேனின் கண்ணாடி அதிர்ந்தது. மலையடிவாரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மிச்சம்.

நாசர் தலையில் கை வைத்தான். "துரத்தணுமாக்கா? எங்கிட்ட நாலு கியர்தான் இருக்கு. அதுல ஒண்ணு வேலை செய்யாது."

"எதுக்குத் துரத்த? திரும்பி வரத்தானே வேணும்."

ஆதம் பாய் வேனிலிருந்து இறங்கி, வாய் திறந்தபடி நின்றார். "இப்படித்தான் கத்துமா இது?" என்றார், தனக்குள் பேசுவதுபோல. "ஏழு மாசமா எனக்குத் தெரியாதே."

புள்ளி பெரிதாகி, நிதானமாக வந்தது. ஆதம் பாய் நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். கார் பத்தடி தள்ளி, குலுங்காமல் நின்றது.

"யாருலே நீ? இறங்குலே கீழ!"

கண்ணாடி நாலு விரல் இறங்கியது. பிறகு முழுவதும் இறங்கியது. கையுறை கழன்றது, உள்ளே மருதாணி. தொப்பி கழன்றது; உள்ளே வெள்ளை முக்காடு.

"மச்சான்," என்றார் ஜன்னத், "சாப்பிட்டுப் படுத்தியள்லா? இங்கன எப்படி வந்திய?"

ஆதம் பாய் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"உனக்கு... ஓட்டத் தெரியுமா ஜன்னத்து?"

"இருபத்தி மூணு வருஷமா ஓட்டுதேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல யாரு விட்டா? உங்க வாப்பாவை நடுச்சாமத்துல திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டு போனா?"

"டிரைவர்னுல்லா சொன்ன!"

"ஆமா, டிரைவர்தான். யாருன்னு நீங்க கேக்கல." ஜன்னத் காரை விட்டு இறங்கினார், எந்தக் கிரேனும் இல்லாமல். "முதல் லீவுல வந்தப்ப, பொம்பள கார் ஓட்டுனா ஊரு சிரிக்கும்னு சொன்னிய. சரின்னு, நீங்க ஊருல இருக்க ரெண்டு மாசமும் தொட மாட்டேன். உங்களை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிட்டுத்தான் சாவியை எடுப்பேன். இப்ப நீங்க ஒரேயடியா வந்துட்டிய. எனக்கு லீவே முடியல."

ஜன்னத் மஞ்சள் பானட்டைத் தடவிக் கொடுத்தார்.

"இது வந்த அன்னைக்கே ஆசை. நீங்க ஓட்டுவிய, பக்கத்துல உக்காந்து போகலாம்னு காத்திருந்தேன். உறையைப் போட்டு மூடி, தினம் மீட்டரைக் குறிச்சிட்டு இருக்கிய. ஒருநாள் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் மச்சான். அந்தச் சத்தம் முதுகுத்தண்டுல ஏறுச்சு பாருங்க, பிறகு ரசம் வைக்கவே மனசு வரல."

நாசர் வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினான்.

"அக்கா," என்றாள் சுந்தரி, "லிங்கேஸ்வரன் அண்ணனை அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கு. தெரியுமா?"

ஜன்னத்தின் முகம் மாறியது. "எதுக்கு?"

"வண்டியை எடுத்தது யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டார்."

"இன்னைக்கு வேண்டாம்க்கான்னு சொன்னான். ஏன்னு கேட்டதுக்கு வானம் மூடியிருக்குன்னான்." ஜன்னத் கணவரைத் திரும்பிப் பார்த்தார். சாலையில் அந்தப் பார்வையை விடச் சூடாக எதுவும் இல்லை. "பதினெட்டு வருஷம் இந்த வீட்டுல சோறு தின்னவனைத் திருடன்னு சொன்னியளா? மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கான் அந்த மனுசன். போனைப் போடுங்க. இப்பவே."

ஆதம் பாய் போனைப் போட்டார். ஸ்பீக்கரில்.

"லிங்கேஸ்வரா... நாந்தான். தப்பு என்னோடது. மன்னிச்சிருப்பா. நிச்சயத்துக்கு நாங்க ரெண்டு பேரும் முன்னால நின்னு பாத்துக்கிடுதோம்."

மறுமுனையில் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாலே நீ?"

"சொன்னா அக்கா அன்னையோட நிறுத்தியிருப்பாங்க மொதலாளி. வண்டியை விட்டு இறங்கும்போது அவங்க சிரிக்குத சிரிப்பை நீங்க பாத்ததில்ல. அதான்."

ஆதம் பாய் போனைச் சட்டைப் பையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"எனக்குப் பயம் ஜன்னத்து."

"தெரியும் மச்சான். சுளுக்குன்னு தைலம் தேய்ச்சு விட்டது நாந்தானே."

"வேகம் அறுபதைத் தாண்டும்போது... கை நடுங்கும்லா?"

"நடுங்கும். அதுக்குத்தானே ஓட்டுதது." ஜன்னத் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "வாங்க. அந்தப் பக்கம் ஏறுங்க. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல."

ஆதம் பாய் பிஸ்மில்லா சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஐந்நூறு குதிரைகளின் மஞ்சள் கார் ஒரு குலுங்கு குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கி நகர்ந்தது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். பின்னால் ஆறு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு ஒரு டிவிஎஸ் வண்டி வந்தது. ஹாரன் அடித்தது. பொறுத்துப் பார்த்தது. கடைசியில் விலகி, முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பி அந்தக் காரை ஏற இறங்கப் பார்த்தார்.

உள்ளேயிருந்து ஆதம் பாயின் சிரிப்பு வெடித்தது. அறுபத்தொரு வயது மனிதர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அந்த ரோடு கேட்டிருக்காது.

"முந்திட்டாம்லே என்னைய! ஜன்னத்து, அவனைப் பிடிக்கணும். எந்தப் பட்டன், சொல்லு!"